பணிக்கரின் படத்தில் என்னதான் எழுதியிருக்கிறது?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் படம் ஒன்றைப் பார்த்தீர்கள், படம் முழுக்க மலையாளம் மாதிரி பொடிப்பொடியாக எழுத்து, கூட வந்த மலையாளி நண்பராலும் ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது முதல் கேள்வி. இந்த மனிதர் ஓவியராகப் பெரியவரா, ஆசிரியராகப் பெரியவரா என்பது இரண்டாவது.

முதலாவதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: ஒன்றும் எழுதவில்லை. உங்கள் நண்பரின் மலையாளத்தில் கோளாறு இல்லை. இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் சுற்ற வேண்டும். சுற்றி முடித்த பிறகு அந்த முதல் பதிலும் அவ்வளவு எளிதில்லை என்று தெரியும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வரலாற்றாசிரியரும் தூதருமான கே.எம். பணிக்கர் வேறு, மலையாளக் கவிஞர் அய்யப்ப பணிக்கர் வேறு. சோழமண்டலத்திலேயே ஜெயபால பணிக்கர் என்று இன்னொரு ஓவியர் இருந்தார். நாம் பேசுவது கோவலேழி சீரம்பத்தூர் சங்கரன் பணிக்கர். குடும்பம் மலபாரில் பொன்னானிப் பக்கம். பிறந்தது 1911இல், நம்ம கோயம்புத்தூரில். அதனால் அவரைத் தமிழர் என்றும் மலையாளி என்றும் இரண்டு பக்கத்தாரும் உரிமை கொண்டாடுவது உண்டு. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வாழ்நாளில் பெரும்பகுதி சென்னையில் கழிந்தது, படங்களில் முதலில் வந்தது மலபாரின் தண்ணீரும் தென்னையும்.

சின்ன வயதிலேயே நீர்வண்ணத்தில் கை தேர்ந்துவிட்டது. பதினேழு வயதில் சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சியில் படம் வைத்துவிட்டார். அந்த வேகத்தில் நேராக ஓவியப் பள்ளிக்குப் போயிருக்க வேண்டியவர். வீட்டு நிலைமை விடவில்லை. தகப்பனார் இறந்துபோக, படிப்பு பாதியில் நின்றது. தந்தி இலாகாவில் வேலை, அப்புறம் இன்சூரன்ஸ் வேலை. சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தது 1936இல், இருபத்தைந்தாவது வயதில். கூடப் படித்தவர்களுக்கு அண்ணன் வயது.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்காக ஓவியத்தைத் தள்ளி வைத்த வருடங்கள் அவருக்கு இருந்தன. பிற்காலத்தில் மாணவர்களைப் பார்த்து, "நீ வெளியே போய் எதை வைத்துச் சாப்பிடுவாய்?" என்கிற கேள்வியை அவ்வளவு பிடிவாதமாகத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாரே, அந்தப் பிடிவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் பணிக்கரைச் சொல்ல முடியாது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்துக் கலைப் பள்ளிகளில் மூத்தது இதுதான். ஆனால் வெகுகாலம் அது தொழிற்பட்டறை மாதிரிதான் நடந்தது. மரவேலை, மண்பாண்டம், உலோகம், செதுக்குவேலை. 1890களின் இறுதியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு அலுமினியச் சட்டிக்கும், பிற்காலத்தில் சென்னை ஓவியக் கல்லூரியான அந்தப் பள்ளிக்கும் இப்படி ஒரு சொந்தம் உண்டு. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் வரப்போகிற கதையில் கைத்தொழிலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். வங்காள ஓவிய மரபின் முன்னோடி அபனீந்திரநாத் தாகூரின் மாணவர். மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு பேரின் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர் அவர்தான். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல் என்று எல்லாவற்றிலும் கை வைத்த ஆள். அவர் வந்த பிறகு அந்தப் பட்டறைக்குள் ஓவியமும் சிற்பமும் தலை நிமிர்ந்தன. பணிக்கர் அவரிடம் 1940 வரை படித்தார், 1941இல் அங்கேயே ஆசிரியரானார்.

குருவும் சீடரும் வேறு வேறு வார்ப்பு. ராய் சௌத்ரிக்கு உடற்கூறு, உருவத்தின் கனம், தசையின் முறுக்கு. பணிக்கருக்கு வண்ணமும் கோடும். ஐரோப்பிய ஓவியர்களான வான்கோவும் கோகனும் அவரை ஆட்டிவைத்த காலம் அது. 1940களின் படங்களில் அந்தச் செல்வாக்கு ஒளிவு மறைவில்லாமல் தெரியும். அதே கையில் வந்த கேரளக் கால்வாய், படகு, கரையோரத் தென்னை நீர்வண்ணங்கள் எனக்கு இன்றும் பிடிக்கும். ஈரத்தாளில் வண்ணம் ஓடி நிற்கிற அந்த வேகம் எளிதில் வராது. அதையே வரைந்துகொண்டிருந்திருந்தால் வரவேற்பறைகளில் தொங்கும் நல்ல படங்களுக்குச் சொந்தக்காரராக நிம்மதியாக வாழ்ந்திருப்பார்.

1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். பம்பாயின் முற்போக்குக் கலைஞர் குழு 1947இல்தான் வந்தது. உசேன், சூசா, ரசா என்று அந்தப் பெயர்கள் உலகமெங்கும் ஒலிக்கின்றன. மூன்று வருடம் முன்னாலேயே சென்னையில் ஒரு சங்கம் இருந்தது என்பது நம்மவர்களுக்கே தெரியாது. காரணம் பெரிய மர்மம் இல்லை. பம்பாயில் வாங்குகிற ஆளும் எழுதுகிற ஆளும் இருந்தார்கள், சென்னையில் இரண்டும் பஞ்சம். சபாக்கள் நிரம்பி வழிந்த ஊரில் ஓவியக் கண்காட்சிக்கு ஆள் வர யோசித்தார்கள். எழுதுகிற ஆள் இல்லாத குறையை ஓரளவு தீர்க்க 1960களின் தொடக்கத்தில் அந்தச் சங்கமே 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்று ஒரு காலாண்டிதழை ஆங்கிலத்தில் நடத்தியது. இன்றைக்கு அந்தக் காலத்தை ஆராய்கிறவர்களுக்கு அந்த இதழ்கள் பொக்கிஷம்.

1954இல் லண்டனுக்கும் பாரிசுக்கும் போனார், படங்களைக் காட்டினார். ஐரோப்பாவின் நவீன ஓவியத்தை அச்சுப் படமாகப் பார்த்துப் பழகியவர் நேரில் பார்த்தார். நேரில் பார்க்கும்போது ஒரு விபரீதம் நடக்கும். எதைக் கடவுளாக நினைத்துக் கும்பிட்டோமோ அது ஒரு ஊரின், ஒரு வெளிச்சத்தின், ஒரு பழக்கத்தின் பிள்ளை என்று புரிந்துபோகும். அப்படியானால் நம் ஊரின் பிள்ளை எங்கே என்ற கேள்வியும் கூடவே வரும். அந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ஓவியர் எல்லாருக்கும் அது இருந்தது. வங்காளத்தார் அஜந்தாவையும் முகலாயச் சிற்றோவியத்தையும் பிடித்துக்கொண்டு ஒரு பதில் சொல்லியிருந்தார்கள். பணிக்கரும் அஜந்தாவைத் தொட்டுப் பார்த்தார். 1950களின் நடுவில் வந்த தாயும் சேயும் போன்ற படங்களில் உருவங்கள் தட்டையாகி, கோடு இறுகி நிற்கும். பிறகு தோட்டம் என்று ஒரு வரிசை. அதில் மனிதரும் செடியும் பறவையும் ஒரே வண்ணப் பரப்பில் பின்னிக் கிடப்பார்கள். நல்ல படங்கள்தான். ஆனால் தேடிக்கொண்டிருக்கிறவர் வரைந்தவை என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

ராய் சௌத்ரி ஓய்வுபெற, 1957இல் பணிக்கர் அந்தக் கலைப் பள்ளியின் முதல்வரானார். பத்து வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தார். தென்னிந்திய நவீன ஓவியத்தில் நீங்கள் கேள்விப்பட்ட பெயர்களில் பாதி இந்தப் பத்து வருடத்தில் அந்த வளாகத்தில் மாணவராகவோ ஆசிரியராகவோ நடமாடியவை. சிற்பத்தில் எஸ். தனபால், ஓவியத்தில் எல். முனுசாமி, சந்தானராஜ் போன்றவர்கள் ஆசிரியர்கள். மாணவர்களில் ஆதிமூலம், வாசுதேவ், ஹரிதாசன், விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன், சேனாதிபதி, கோபிநாத், நந்தகோபால் (இவர் பணிக்கரின் மகன்). கேரளத்திலிருந்து வந்த டி.கே. பத்மினியும் உண்டு. 1969இல், முப்பது வயதுகூட நிரம்பாமல், பிரசவத்தில் இறந்துபோன அந்தப் பெண்ணின் படங்களைத் தேடிப் பாருங்கள். பணிக்கரின் மாணவர் பட்டியலில் அடிக்கடி விட்டுப்போகிற பெயர் அது, விடக்கூடாத பெயரும் அதுதான்.

ஆதிமூலத்தைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களும், கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு ஜூனியர் விகடனில் அவர் போட்ட படங்களும், சிற்றிதழ் அட்டைகளும் நம் கண்ணிலேயே இருக்கின்றன. மலையாளத்தில் இதே வேலையைச் செய்த நம்பூதிரியும் எம்.வி. தேவனும் சென்னைப் பள்ளியில் படித்தவர்கள்தான். இரண்டு மொழிப் பத்திரிகைகளின் கோட்டோவியமும் ஒரே வளாகத்திலிருந்து கிளம்பியது என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஏன் கோடு? சென்னைக்காரர்களின் அடையாளம் என்று விமர்சகர்கள் சொல்வது இதைத்தான். மேற்கத்தியப் பயிற்சியில் கோடு என்பது உருவத்தின் எல்லை. வெளிச்சமும் நிழலும் வந்ததும் அது ஒதுங்கிக்கொள்ளும். இங்கே கோடு ஒதுங்காது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் சோழர் செப்புத்திருமேனியைப் பக்கவாட்டில் பாருங்கள், தோளிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடு இறங்கி வரும். வாசலில் புள்ளி வைத்துச் சுற்றி இழுக்கிற சிக்குக்கோலத்தில் கோடுதான் எல்லாம், அதற்குள் வண்ணம்கூடக் கிடையாது. அந்த அருங்காட்சியகம் கல்லூரியிலிருந்து நடந்துபோகிற தூரம். கோயிலும் மாமல்லபுரமும் பஸ் ஏறினால் வந்துவிடும். இவையெல்லாம் பழைய கலை வரலாறு என்ற பாடத்தில் அடைபட்டுக் கிடந்தவை. அவற்றை இன்றைக்குக் கை வைக்கக்கூடிய சரக்காகப் பார்க்கலாம் என்ற துணிச்சல் பணிக்கரும் தனபாலும் இருந்த காலத்தில் வந்தது. நல்ல உதாரணம் பி.வி. ஜானகிராம். செப்புத் தகட்டைத் தட்டி, மேலே கம்பிகளைப் பற்றவைத்து, முன்பக்கம் மட்டும் பார்க்கும்படி சிற்பம் செய்தார். சிற்பம் என்றால் சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்பது பாடப்புத்தகம். ஆனால் கருவறையில் கவசம் சாத்திய சாமியை யார் சுற்றிவந்து பார்க்கிறார்கள்? நேரே நின்றுதானே கும்பிடுகிறோம்.

சரி, இப்போது சாப்பாட்டுக் கேள்விக்கு வருவோம். 1960களில் இந்தக் கல்லூரியில் படித்து முடித்த பையனுக்கு என்ன வழி? பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், விளம்பரக் கம்பெனி, சினிமா, அதிர்ஷ்டமிருந்தால் நெசவாளர் சேவை மையத்தில் டிசைன் வேலை. ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் போன்றவர்கள் அந்த மையத்தில் வேலை பார்த்தவர்கள்தான். வேலை கிடைத்த பலருக்கும் படம் நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை ஓவியர் ஆகிவிடுவார்கள். அதுவும் இரண்டு குழந்தை பிறக்கும்வரை. பத்து வருடம் முதல்வராக இருந்தவர் இதைத் தன் கண்முன்னால் வருடாவருடம் பார்த்திருக்கிறார்.

அவர் கண்ட வழி கைத்தொழில். ஓவியத்தை விற்று வாழ முடியாது, ஓவியரின் கையை வைத்து வாழலாம். முக்கியமாக பாத்திக். இது எப்படி நடக்கும் என்றால், மெழுகை உருக்கி, சூட்டோடு, துணியில் எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் தூரிகையால் பூசுவார்கள். பிறகு துணியை வெளிர்ச் சாயத்தில் முக்குவார்கள். காய்ந்ததும் அந்த வெளிர்நிறம் நிற்க வேண்டிய இடத்தில் மறுபடி மெழுகு, அடுத்த சாயம். இப்படி இலேசான நிறத்திலிருந்து அழுத்தமான நிறத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தால் எல்லா நிறமும் ஒன்றாக வெளியே வரும். நடுவில் மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் மயிரிழை மயிரிழையாகப் புகுந்திருக்கும். அந்த விரிசலை யாராலும் முழுசாகக் கட்டுப்படுத்த முடியாது. உருகிய மெழுகு ஆறுவதற்குள் கோடு போட்டாக வேண்டும், தயங்கினால் திட்டாகிவிடும். கோடு போடத் தெரிந்த பையன்களுக்கு இது கைவந்த கலை ஆனதில் ஆச்சரியமில்லை.

ஓவியர் கைத்தொழிற் சங்கம் என்று ஒன்றை அமைத்து இந்தத் துணிகளை விற்றார்கள், நன்றாகவே விற்றது. வந்த பணத்தைச் சேர்த்து, திருவான்மியூருக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் சுமார் பத்து ஏக்கர் மணல் நிலம் வாங்கினார்கள். 1966இல் கிராமம் பிறந்தது. அரசாங்க மானியத்தில் எழுந்த இடமில்லை, பணக்காரர் யாரும் எழுதிவைத்ததும் இல்லை. துணி விற்ற காசு. சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆன அதே சொல். முப்பதுக்கு மேற்பட்ட ஓவியர், சிற்பிகள். ஆரம்பத்தில் கீற்றுக் கொட்டகைதான், சுற்றிலும் சவுக்குத்தோப்பு, மின்சாரம் இல்லை. நீங்கள் காரில் போய் இறங்கிய கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய வடிவில் அன்று கிடையாது. அந்த நாளில் நகரத்திலிருந்து பார்த்தால் அது காடு.

ஏற்பாடு இப்படி: நாளில் சில மணி நேரம் கைத்தொழில், மீதி நேரம் அவரவர் ஓவியம், சிற்பம். விற்பனையில் ஒரு பங்கு பொதுவுக்கு. கலைஞர் காலனி என்று உலகில் பல இடங்களில் தொடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் இலட்சியத்தில் பிறந்து சண்டையில் முடிந்துபோகும். இங்கேயும் சண்டை இல்லாமலா இருந்திருக்கும்? ஆனாலும் அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. வயிற்றுப்பாட்டை முதலில் பேசி முடித்துவிட்டு இலட்சியத்தை அப்புறம் பேசியதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். 1967இல் ஓய்வுபெற்ற பணிக்கரும் அங்கேயே வேலைசெய்தார்.

இதைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. கைத்தொழில் ஓவியத்துக்குள் புகுந்து அதை அலங்காரமாக்கிவிட்டது, எல்லார் படத்திலும் ஒரே ஜாடை வந்துவிட்டது என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். 1960களின் கடைசி, 70களின் தொடக்கத்துச் சென்னைப் படங்கள் பத்தை வரிசையாக வைத்தால், மஞ்சள், மண்நிறம், யந்திரக் கட்டம், பாம்பு, மீன் என்று ஒரே குடும்பத்துச் சாயல் தெரியும். யந்திரம் போன்ற வழிபாட்டுக் குறிகளை வைத்து வரைகிற தாந்திரிக ஓவியம் ஒரு மோஸ்தராக ஆன காலமும் அது. ஹரிதாசன் மாதிரி அதில் ஆழமாக இறங்கியவர்கள் சிலர், மேலோட்டமாகக் கட்டம் போட்டுவிட்டுப் போனவர்கள் பலர். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் 1960களின் இறுதியில் பாரிசுக்குப் போய், அங்கே வேறு திசையில் நடந்தார்கள்.

ஆசிரியர் என்ற முறையில் பணிக்கரை எடைபோட எனக்கு ஒரே ஒருவர் போதும்: கே. ராமானுஜம். பேச்சு சரளமாக வராது. ஏழ்மை. பாடத்திட்டம், தேர்வு என்று பார்த்திருந்தால் எந்தக் கல்லூரியிலும் தேறியிருக்க மாட்டார். பேனாவும் மையும் கொடுத்தால் கோபுரமும் மாளிகையும் நாகமும் பறக்கும் உருவங்களும் அடர்ந்த ஒரு கனவு நகரத்தை வரைவார். அதற்குள் தொப்பி போட்ட ஒரு ஆள் நடந்துகொண்டிருப்பார். அது அவரேதான். அந்தக் கையைக் கண்டுகொண்டு, திருத்தப் போகாமல், இடம் கொடுத்தது பணிக்கர். கல்லூரியிலும் இடம், பிறகு சோழமண்டலத்திலும் இடம். 1973இல் ராமானுஜம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஓவியர் கிராமத்தால் தீர்க்க முடிந்தவை உண்டு, முடியாதவையும் உண்டு. அவர் விட்டுப்போன மைக்கோட்டுப் படங்களில் பணிக்கரின் சாயல் துளிகூட இல்லை. ஒரு வலுவான ஆசிரியருக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக இருந்த பையனின் படத்தில் ஆசிரியர் தெரியவில்லை என்றால், அந்த ஆசிரியரை என்னவென்று சொல்வது?

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் பார்த்தது 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் ஒன்றாக இருக்க வேண்டும். 1963இல் தொடங்கி, இறக்கும்வரை அதைத்தான் வரைந்தார். தொடங்கும்போது ஐம்பத்திரண்டு வயது. தேடித் தேடிக் களைத்த கை கடைசியில் எதில் போய் நின்றது என்றால், ஒரு கணக்கு மாணவனின் நோட்டுப் பக்கத்தில். எண்கள், ஆங்கில எழுத்துகள், அல்ஜீப்ராக் குறிகள், ஜியோமிதிக் கோடுகள். பொருளை மறந்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பக்கம் எவ்வளவு அழகு! அங்கிருந்துதான் எழுத்து உள்ளே வந்தது. சீக்கிரமே கணக்கு நோட்டு, ஜாதகமாகவும் ஏடாகவும் யந்திரத் தகடாகவும் மாறிக்கொண்டது.

இப்படி ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது? முதலில் ஐந்தடி தள்ளி நில்லுங்கள். பழைய சுவர் மாதிரியோ, நாள்பட்ட தாள் மாதிரியோ ஒரு பரப்பு. அதில் கட்டம், வட்டம், முக்கோணம் சில. ஓரிடத்தில் மீன், ஒரு பறவை, மனிதன் என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று. மீதியெல்லாம் எழுத்து வரிகள். இப்போது கிட்டே போங்கள். வரி இடமிருந்து வலமாக ஓடுகிறது, சில இடத்தில் கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி பத்தி பிரிந்து இறங்குகிறது. எழுத்து வளைகிறது, சுழிக்கிறது, கொக்கி போடுகிறது. மலையாளம் மாதிரியே இருக்கிறது. ஒரு எழுத்தைப் பிடித்துவிட்டோம் என்று நினைக்கும்போதே அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது. எழுதுகிற கையின் அசைவு முழுக்க இருக்கிறது, எழுதப்பட்ட செய்தி மட்டும் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். வீட்டு ஜாதகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மஞ்சள் துணியைப் பிரித்து, அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அதில் தங்கள் பிள்ளையின் ஆயுள் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பார்வைக்கு அந்தத் தாள் எப்படி இருந்திருக்குமோ, அப்படி நமக்கு, படித்தவர்களுக்கு, காட்டுகிறார் பணிக்கர். தலையெழுத்து என்று சொல்கிறோமே, எழுதியிருப்பதாக எல்லாரும் நம்புகிற, யாராலும் படிக்க முடியாத அந்த எழுத்தை யாராவது வரைந்தால் இப்படித்தான் வரும். இது என் வாசிப்பு. அவர் இப்படிச் சொன்னார் என்று எங்கும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஐரோப்பிய நவீன ஓவியர் பால் க்ளீயின் சாயல் இருக்கிறது என்பவர்களுக்கு: இருக்கிறது. படத்துக்குள் எழுத்தும் குறியும் வரலாம் என்ற கதவை க்ளீ முன்பே திறந்துவைத்திருந்தார். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் பணிக்கருக்குக் கிடைத்தது ஜாதகக் கட்டமும் கோணிய மலையாளச் சுழியும். அதை க்ளீ கொடுத்திருக்க முடியாது. எனக்குத் தோன்றும் உண்மையான குறை வேறு. பதிமூன்று, பதினான்கு வருடம் ஒரே வரிசை. சில படங்களில் அந்த எழுத்து பழக்கமாகிப்போய், கை தானாக ஓடியிருக்கிறது. நல்ல படத்தில் ஒவ்வொரு சுழியும் பக்கத்துச் சுழியைப் பார்த்துப் போட்டது போல இருக்கும். சுமாரான படத்தில் இடம் நிரப்பியது தெரியும். நாலைந்து படம் பார்த்தால் உங்களுக்கே பிரித்துச் சொல்ல வந்துவிடும்.

ஓவியரா ஆசிரியரா என்று கேட்டால், எண்ணிக்கையில் பார்த்தால் ஆசிரியர்தான். அவர் வரைந்ததைவிட அவரால் வரைய முடிந்தவர்கள் அதிகம். ஆனால் 1963இல் அந்த நோட்டுப் பக்கத்தில் அவர் கண்டதும், அதே காலத்தில் மாணவர்கள் கையில் மெழுகுத் தூரிகையைக் கொடுத்ததும் ஒரே மனிதரின் ஒரே யோசனைதான். காலங்காலமாக நம் ஊர்க் கைகளுக்குத் தெரிந்திருந்த ஏதோ ஒன்று, எழுத்தோ, சாயமோ, தகடு தட்டுவதோ, அதைக் கீழாக நினைக்காமல் எடுத்துக்கொள்வது. பையன்களுக்கு அதில் சோறு கிடைத்தது. அவருக்கு அதில் தன் கோடு கிடைத்தது.

1976இல் நாட்டின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாடமி அவரைத் தன் ஃபெல்லோவாகத் தேர்ந்தது. 1977 ஜனவரியில் காலமானார், அறுபத்தைந்து வயது. மகன் நந்தகோபால் சோழமண்டலத்திலேயே உலோகச் சிற்பம் செய்து வாழ்ந்து 2017இல் மறைந்தார். நீங்கள் போய்ப் பார்த்த அருங்காட்சியகக் கட்டடம் 2009இல் வந்தது. சென்னைக்காரர்களின் வேலையை ஒரே கூரையின்கீழ் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

பணிக்கரை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் திருவனந்தபுரம் போங்கள். நேப்பியர் அருங்காட்சியக வளாகத்துக்குள் அவர் பெயரில் தனிக் காட்சியகம் இருக்கிறது. பலர் வளாகத்துக்குள் நுழைந்ததும் ரவிவர்மாவைப் பார்த்துவிட்டு மிருகக்காட்சிசாலைக்குத் திரும்பிவிடுகிறார்கள், இதை விட்டுவிடுகிறார்கள். ஆரம்பகாலத் தென்னை மரத்திலிருந்து கடைசி எழுத்துப் படம் வரை அங்கே ஒரே நடையில் பார்க்கலாம். அந்த மலையாளி நண்பரையும் மறுபடி கூட்டிக்கொண்டு போங்கள். இந்த முறை படிக்கச் சொல்லாதீர்கள், விரலைக் காற்றில் வைத்து ஒரு வரியை அப்படியே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.